பிரிக்காத கரிப் பொட்டலம்

அன்று மதியம் சாந்தா மார்த்தாவில் நெரெய்தாவின் வீட்டில் இருந்தவர்கள்: அவள் தம்பி எலியேசர், அரட்டைக்கு வந்த பக்கத்து வீட்டு ஃபாபியோ, முன்னறைக் கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன், நெரெய்தா துண்டு துண்டாக ஒட்டி வளர்த்த பவளங்கள். பவளங்களின் மேல் துருப்பிடித்ததுபோல் அப்பிக் கிடந்த தட்டைப் புழுக்கள். புழுக்களை யாரும் அழைக்கவில்லை. எலியேசரையும்தான். பேக்கரி வேலை போனதும் பையோடு வந்து நின்றவன் அவன்.

ஊருக்குப் போகுமுன் நெரெய்தா தெளிவாகச் சொல்லியிருந்தாள். தினமும் குழாய் வைத்துப் புழுக்களை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். மிச்சம் மீதிக்கு அவளே வந்து மருந்து விடுவாள். தொட்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பின்னறை அவனுக்கு, எத்தனை நாள் வேண்டுமானாலும்.

முதல் நாள் உறிஞ்சினான். வாயெல்லாம் உப்பு. மறுநாள் பாதியில் விட்டான். அதற்குப் பிறகு குழாயைத் தொடவில்லை. இன்று மாலை அவள் திரும்புகிறாள், துரு அப்படியே இருக்கிறது.

"அரிசில கல்லு பொறுக்குற வேலடா இது. அந்த மருந்து என்ன, அலமாரிக்கு அழகா?" என்றான் ஃபாபியோ.

எலியேசர் மருந்தை ஊற்றினான்.

கொஞ்ச நேரத்தில் புழுக்கள் பிடிவிட்டு, மிளகாய்த் தோல்போல நீரெங்கும் மிதந்தன. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான். பஸ்ஸிலிருந்து உடனே கூப்பிட்டாள்.

"மருந்த ஊத்திட்டியா? இவ்வளவு புழுவா? நீ உறிஞ்சி எடுக்கவே இல்லயாடா?"

"எடுத்தேங்க்கா. இது மிச்சம்."

"செத்த புழு விஷத்த விடும். அத இழுக்க ஃபில்டர்ல கரி போட்டியா? போடலன்னா சொல்லிடு. டிரம்ல உப்புத்தண்ணி கரைச்சு வெச்சிருக்கேன், மொதல்ல மீன அதுக்கு மாத்திடலாம்."

கரிப் பொட்டலம் அலமாரியில் இருந்தது. ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்தது சுலபமாக வந்தது.

"போட்டாச்சுக்கா."

"அப்ப பயமில்ல."

போனை வைத்ததும் போட்டுவிடுவதாகத்தான் நினைத்தான். ஆனால் மீன்கள் நன்றாகவே நீந்தின. ஃபாபியோ பீரோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவனும் போய் உட்கார்ந்தான்.

உள்ளே வந்தபோது மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பவளங்களிலிருந்து கோழை கோழையாக வழிந்தது. டிரம் தண்ணீரை வாளியில் மொண்டு மீன்களை மாற்றினான். ஒரு கோமாளி மீன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் ஜோடியும் மஞ்சள் மீனும் அசையவில்லை.

நெரெய்தா வந்தாள். அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி ஃபாபியோ நழுவினான். இன்னும் கொஞ்சம் கரி போட்டால் பவளமாவது மிஞ்சாதா என்று அவள் அலமாரியைத் திறந்தாள். வாங்கியது ஒரே பொட்டலம். அது பிரிக்காமல் இருந்தது.

அவள் கத்தவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, கரியைக் கழுவிப் போட்டாள். தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டினாள். எலியேசர் வாளி சுமந்தான். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கடைசியில் கையைத் துடைத்தபடி கேட்டாள்.

"போடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பஸ்ல இருந்தே காப்பாத்தியிருப்பேனேடா."

"பயந்துட்டேங்க்கா."

"எனக்குப் பயந்தா, ரூம் போயிடும்னு பயந்தா?"

அவன் வாளியைப் பார்த்தான். உயிரோடு இருந்த ஒற்றை மீன் சுற்றிச் சுற்றி வந்தது.

பின்னறையிலிருந்து அவன் பையை அவளே எடுத்து வந்தாள். பஸ் நிலையத்தில் அவனுக்காக வாங்கிய அரேப்பா என்ற சோள ரொட்டி காகிதத்தில் சுற்றியபடி இருந்தது. அதையும் பையின் மேல் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மதியம் அந்த வாய் எவ்வளவு தாராளமாக வந்தது.

அவன் படியிறங்கியதும் கதவு சாத்தப்பட்டது. பூட்டுக்குள் சாவி திரும்பியது.