பேசும் கம்ப்யூட்டரில் ஹெட்மாஸ்டர்

வல்லம் வடகால் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், 2004-இல், கண் தெரியாத ஒன்பதாம் வகுப்பு ஜோதிக்கென்று ஃபேக்டரிக்காரர்கள் ஒரு பேசும் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். ஆள் அனுப்பி டைப் அடிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். மறு வாரமே மானிட்டர் புகைந்துபோயிற்று. திரை இருண்டால் கம்ப்யூட்டரே காலி என்று முடிவு கட்டிய ஹெட்மாஸ்டர் தாண்டவராயன், துணியைப் போட்டு மூடி அறையைப் பூட்டிவிட்டார்.

அட, படித்த மனுஷரே! திரை எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன ஜோதிக்கு? வாட்ச்மேன் நாகப்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி, தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். அது வெள்ளைக்காரத் துரை கணக்காகப் படித்துக் காட்டும். பாடம் கொஞ்சம், ஹெட்மாஸ்டரைத் திட்டியது நிறைய.

ஆறு மாதம் கழித்து செல்வலட்சுமி வந்தார். இப்படிக் கொடுத்த கருவிகளைப் பிள்ளைகள் உபயோகிக்கிறார்களா என்று ஊர் ஊராக ஆராய்ச்சி செய்கிறவர். உபயோகம் இல்லையென்றால் கருவி வேறு பள்ளிக்குப் போய்விடும்.

"அது ரிப்பேர் மேடம், எடுத்துட்டுப் போயிடுங்க," என்றார் தாண்டவராயன்.

வாசலில் நின்ற ஜோதிக்கு அது கேட்டுவிட்டது. வாயைத் திறந்தால் மனுஷர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார். திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் போச்சு. அது இல்லாமல் இருக்க அவளால் முடியாது.

"ரிப்பேர்லாம் இல்ல மிஸ்! நல்லா பேசிக்கினு கீது. டெய்லி எழுதுறேன்."

"எங்கே, காட்டு."

நாகப்பன் அறையைத் திறந்துவிட, ஜோதி உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினாள். கம்ப்யூட்டர் துரை ஆரம்பித்தார்: "ஹெச்செம் ஸார் இன்னிக்கும் டூங்கிட்டார். கொர்ராட்டை பக்காட்டு க்ளாஸ் வரிக்கும் கேக்குடு."

நாகப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"சார், இதெல்லாம் இங்கே நிஜமாகவே நடந்ததா? இல்லை, எனக்குக் காட்டுவதற்காக யாராவது அடித்து வைத்ததா?" என்று கேட்டார் செல்வலட்சுமி.

தாண்டவராயன் ஜோதியைப் பார்த்தார். கீபோர்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் பிழைக்கும்.

"நடந்ததுதான் மேடம்," என்றார். "குறட்டையைத்தான் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுக்கீறா."

'தினசரி உபயோகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் செல்வலட்சுமி. ஜோதிக்கு அழுகையே வந்துவிட்டது.

தாண்டவராயன் சாவியை அவள் கையில் வைத்தார். "இந்தா, இனிமே நீயே வச்சிக்க. அந்தக் குறட்டைய மட்டும் அழிச்சிடும்மா."

"எழுதக் கத்துக்கினேன் சார்," என்றாள் ஜோதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அழிக்கத்தான் இன்னும் தெரியல."