பூட்டிய பாயிண்ட்

சரக்கு ரயில் தடம் புரண்டதற்கு நீதான் பொறுப்பு என்று பாயிண்ட்ஸ்மேன் தீர்த்தகிரியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். இன்று விசாரணை. தடம் பிரியும் பாயிண்டைச் சரியாகத்தான் பூட்டினேன் என்று விளக்க, அளவு பிசகாமல் ஒரு மாதிரித் தண்டவாளமும் அதில் ஓட ஒரு பொம்மை இன்ஜினும் செய்திருந்தான். புதூர்நாட்டில் அவன் வீட்டு வாசலுக்கே வந்து, விசாரணைக்கு அழைத்துப்போகும் ஜீப் ஹாரன் அடித்தபோது, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்த பொம்மை இன்ஜின் அதே பாயிண்டில் குப்புற விழுந்தது.

“நேத்து ஓடிச்சே! இன்னாடி பண்ணே?”

“நல்லது நடக்கட்டும்னு சந்தனம் வச்சேன்யா,” என்றாள் மனைவி பாஞ்சாலை.

குனிந்து பார்த்தான். தண்டவாள இடுக்கில் சந்தனம் கல்லாக இறுகி, சக்கரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. பாயிண்ட் என்னவோ பூட்டியபடியேதான் இருந்தது.

அவள் கண்கலங்கி, முந்தானையால் துடைக்கப் போனாள்.

“கை வைக்காதே! அன்னிக்கு ஒரு ஜல்லிக்கல்லு இதத்தான் பண்ணியிருக்கும். அப்படியே எடுத்துக்கினு போறேன். நீயும் கிளம்பு, எனக்குச் சாட்சி நீதான்!”