நாற்பத்தேழாம் எண் மரம்

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றின் மதிலோரம் நின்ற இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களும், பகல் பன்னிரண்டரைச் சங்கு ஊதியதும் வேரைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விடும். ஏரி இரண்டு கிலோமீட்டர். ரயில்வே கேட் போட்டிருந்தால் ஒதுங்கி நிற்கும், சூலூர்பேட்டை வண்டி போனதும் தண்டவாளத்தைத் தாண்டும். இரண்டு மணிக்குள் வேரில் சேறு சொட்டத் திரும்பி வந்து அதது குழியில் இறங்கிக்கொள்ளும். செக்யூரிட்டி மோசஸ் முதல் வாரம் மட்டும் விசில் ஊதிப் பார்த்தான். பிறகு லாரிகளுக்கு வைத்திருந்த நோட்டிலேயே மரங்களுக்கும் போன நேரம், வந்த நேரம் எழுத ஆரம்பித்தான்.

ஆச்சரியப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. மரம் பார்க்கும் வேலையில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்த அங்காளம்மாளுக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்ட கை அவளுடையது. மரம் வைக்கச் சொல்லிச் சட்டம் இருந்ததால் கம்பெனி மரம் வைத்தது. மண் வைக்கச் சொல்லி அதில் எழுதவில்லை போலும், குழிகளை உலைக்கசடால் நிரப்பிவிட்டார்கள். மரம் இலையில்தான் சமைக்கிறது, வெயில்தான் அதற்கு அடுப்பு. அந்த இலைகளில் புகைக்கரி அப்பிக் கிடந்தது. அவள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தாள். வெயிலுக்கு வழி பண்ணிவிடலாம், தண்ணீருக்கும் சத்துக்கும் எங்கே போவது? மேனேஜர் ராஜமாணிக்கத்திடம் போய் நிற்பாள்.

"சார், மாட்ட அவுத்து வுட்டா மேய்ஞ்சிட்டு வந்துடும். மரத்துக்கு இருக்கற எடத்துலயே சோறும் தண்ணியும் வோணும். அதுவே எழுந்து போவுதுன்னா எவ்ளோ பேஜாரா இருக்கும்? ஏரி வண்டல் போட்டு, வாரத்துக்கு ரெண்டு தபா தண்ணி வுடுங்க சார்."

"பாக்கலாம்மா" என்பார் ராஜமாணிக்கம். ஒன்பது வருஷமாக அதே பாக்கலாம்மா. ஒரு தடவை மரங்களைச் சங்கிலியால் கட்டச் சொன்னார். சங்கிலியோடு போய்ச் சங்கிலியோடு வந்தன.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மரம் எண்ண வருவார். அதற்கு முந்தின வாரம்தான் மரங்களுக்குத் தீபாவளி. அடிமரத்தில் சுண்ணாம்பு, நடுவில் காவிப் பட்டை, எண் எழுதிய தகடு, இலைகளுக்குக் குழாய்த் தண்ணீர்க் குளியல். "இந்த இன்ஸ்பெக்சன் முடியட்டும், உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்" என்று ஒவ்வொரு முறையும் ராஜமாணிக்கம் சொல்லுவார். முடிந்ததும் மறந்துவிடுவார்.

போன ஆடியில், அதிகாரி வரப் பத்து நாள் இருக்கும்போது நாற்பத்தேழாம் எண் பூவரசு திரும்பி வரவில்லை. அங்காளம்மாள் தேடிப் போனாள். அது ஏரிக்கரையில் வேரை ஆழமாக இறக்கி, மஞ்சளாகப் பூத்து நின்றது. "ஏய், உனக்கு மட்டும் இன்னா சொகுசு? எழுந்து வா" என்று திட்டினாள், கிளையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. அதன் காலடி மண்ணை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். அதற்குமேல் வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"எரநூத்திப் பதினொண்ணுன்னு அவர் எழுதினா, அன்னையோட உன் வேல போச்சு" என்றார் ராஜமாணிக்கம். புதுக்கன்று வைக்க வழியில்லை, ஆளுயரம் இருந்தால்தான் கணக்கில் சேரும். ஆளுயரம் என்றதும் அங்காளம்மாள் யோசித்தாள். கம்பெனி கொடுத்த சீருடைச் சேலை பச்சைதான். அதிகாரி வந்த அன்று முழங்கால்வரை சுண்ணாம்பு பூசிக்கொண்டு, கழுத்தில் தகட்டை மாட்டி, நாற்பத்தேழாம் குழியில் இறங்கிக் கைகளைத் தூக்கி நின்றாள்.

கசடு பாதத்தைச் சுட்டது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதிகாரி பேனாவால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணிக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார். முழங்கையைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து குழியைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வாடிப்போயிருக்கே? அடியில மண்ணே இல்ல. ஏரி வண்டல் போட்டு, வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி விடச் சொல்லுங்க."

"இன்னிக்கே பண்ணிடறோம் சார்" என்றார் ராஜமாணிக்கம்.

அங்காளம்மாளுக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. ஒன்பது வருஷம் மனுஷியாக நின்று தொண்டை வறளச் சொன்னதை அந்த ஆள் ஒரு நாளாவது காதில் போட்டிருப்பாரா? மரம் பேசாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சொன்னபடி அன்று சாயந்திரமே வண்டல் வந்தது. நாற்பத்தேழாம் குழிக்கு மட்டும் வந்தது. அதிகாரி எழுதியது அந்த ஓர் எண்ணைத்தானே என்றார் ராஜமாணிக்கம். பர்மனென்ட் பேச்சை எடுத்ததற்கு, பாக்கலாம்மா என்றார். மறுநாளே பக்கத்து வேம்பு அந்த நல்ல மண்ணில் ஏறி நின்றுகொள்ள, நாற்பத்தெட்டாம் குழி காலியானது. மற்றவை வழக்கம்போல ஏரிக்குப் போய்வந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு குழி என்றால் பாக்கி இருநூற்றுப் பதினொன்றுக்கும் நூற்றைந்தரை வருஷம் ஆகும் என்று மோசஸ் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். காவல் அறையில் குடிதண்ணீர் வைக்கச் சொல்லி அவனும் ஆறு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டு இருந்தவன்தான்.

அடுத்த இன்ஸ்பெக்சன் அன்று காலையில் அவன் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, எனக்கும் அடி." அங்காளம்மாள் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தாள். கேன்டீனிலிருந்து ஆரோக்கியமேரி வந்தாள், லோடு ஏற்றும் ஏழுமலை வந்தான். பத்து மணிக்குள் முப்பத்தெட்டுக் கான்ட்ராக்ட் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் இறங்கி நின்ற குழிகளின் மரங்களை மட்டும் அங்காளம்மாள் கேட்டைத் திறந்து ஏரிக்கு அனுப்பிவிட்டாள்.

அதிகாரி வந்தார், எண்ணினார், இருநூற்றுப் பன்னிரண்டு சரியாக இருந்தது. முப்பத்தெட்டு மட்டும் மோசமாக வாடியிருப்பதாகச் சொல்லி ஒவ்வோர் எண்ணாக எழுதிக்கொண்டார், ராஜமாணிக்கம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அனுப்பிய மரங்கள் பதினொன்றரைக்கே திரும்பிவிட்டாலும் அதிகாரியின் கார் போகும்வரை வெளியே ரோட்டோரம் காத்திருந்தன. காலில் சுண்ணாம்போடு மோசஸ் வந்து கேட்டைத் திறந்துவிட்டு, வந்த நேரம் பன்னிரண்டு பத்து என்று எழுதினான்.