சத்தமில்லாத பிளசர்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி முனகத் தொடங்கியதுமே சோலைமலை அதை ஓரங்கட்டி நிறுத்தினார். சீட்டுக்கு அடியில் கிடந்த கருங்கல்லை எடுத்துக்கொண்டு இறங்கிப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு, ஏதோ இதற்காகவே நிறுத்தியதுபோல் பின்கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

"எறங்கிப் பாருங்க சம்மந்தி. இங்கேருந்து பாத்தாத்தான் போடி பூராந் தெரியும்."

பின்சீட்டில் இருந்த கன்னையன் தேவாரத்துக்காரர். தன் மகனுக்குச் சோலைமலையின் மகள் அன்னக்கொடியைக் கேட்டு வந்திருப்பவர். பெண்ணைப் போன வாரமே பார்த்துப் பிடித்துப் போயிற்று. இன்றைக்கு மலைமேல் போடிமெட்டில் இருக்கும் பெண் வீட்டு ஏலத்தோட்டத்தையும் பார்த்துவிட்டு, நகை, சீர் என்று செய்முறை என்ன என்று பேசி முடித்துக்கொண்டால், சாயங்காலம் கீழே வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அவர் இறங்கி, நெற்றியில் கை வைத்துப் போடியைப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் சோலைமலை வண்டியின் முன்பக்கம் போய், துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகி, ஆவி அடங்கியதும் குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினார். இன்ஜினை மட்டும் அமர்த்தவில்லை. அமர்த்தினால் மறுபடி உயிர் வருமா என்பது அவருக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

ஐந்தாவது வளைவில் மேகத்தைக் காட்டினார். இன்னும் மேலே போய்ப் புலியூத்து அருவியைக் காட்டினார். அதற்கடுத்த வளைவில் காட்ட ஒன்றுமே இல்லாததால் ஒரு குரங்கைக் காட்டினார். கன்னையன் அதையும் மரியாதையாகப் பார்த்தார். தேவாரத்தில் குரங்குக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இப்படி வளைவுக்கு வளைவு நிறுத்தி உபசரிக்கிற மனிதரை அவர் கண்டதில்லை.

ஊரில் அந்த வண்டிக்குப் பிளசர் என்று பெயர். பெரிய காராக எது வந்தாலும் போடியில் பிளசர்தான். உயர்நிலைப்பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் வெள்ளைத்துரை ஒருநாள் அந்தச் சொல்லுக்கு இன்பம் என்று அர்த்தம் சொன்னபோது, சோலைமலை தன் ஏலக்காய் மண்டி வாசலில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தார். அன்றைக்குக் காலையில்தான் கார்புரேட்டருக்கு ஏதோ ஒரு சாமான் வேண்டுமென்று மெக்கானிக் மொக்கையன் சொல்லியிருந்தான். மதுரையில் கிடைக்காது, மெட்ராசில் கிடைக்காது, "அண்ணே, செஞ்ச ஊர்லயே இப்ப இருக்கான்னு சந்தேகந்தேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் அவனே ஒரு பித்தளைச் செம்பின் வாயை அறுத்து அந்தச் சாமானைச் செய்து மாட்டினான். செம்பு சோலைமலையின் மனைவி சுப்புத்தாய் சீராகக் கொண்டுவந்தது. அதிலிருந்து அவள் காரைப் பார்க்கும்போதெல்லாம், பிறந்த வீட்டுப் பொருளைக் களவு கொடுத்தவள் மாதிரிதான் பார்த்தாள்.

சோலைமலை அந்தக் காரை வாங்கிய கதையே ஒரு கேலிக்கூத்து. தேயிலை எஸ்டேட்டைக் கொடுத்துவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். சோலைமலை போனது ஒரு சாய்வு நாற்காலிக்காக. நாற்காலியை வேறொருவன் கொண்டுபோய்விட்டான். கிளம்பும்போது துரை விடைகொடுக்கக் கை நீட்டினார். இருபது வருஷமாக ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் கைக்கு நீட்டிய கை என்றால் ஒரே அர்த்தம்தான். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து, பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாமல் விலை பேசுவதுதான் அன்றைய பழக்கம். சோலைமலையின் தோள் துண்டு தானாகவே துரையின் கைமேல் விழுந்தது. உள்ளே ஐந்து விரலும் இருந்தன. ஐந்நூறு. எதற்கு ஐந்நூறு என்று நிமிர்ந்து பார்த்தால், துரைக்குப் பின்னால் கறுப்பாக, யானைக் குட்டி மாதிரி, அது நின்றது. ஐந்நூறுக்கு இவ்வளவு பெரிய காரா என்று அவர் கையை உருவாமல் நின்றுவிட்டார். உருவினால் பேரம் முறிந்தது, உருவாவிட்டால் படிந்தது. அதுதான் துண்டுக்கடிப் பேரத்தின் சட்டம். துரையின் குமாஸ்தா மொழிபெயர்த்துச் சொன்னதும், சும்மா விட்டுவிட்டுப் போக நினைத்த வண்டிக்கு ஐந்நூறா என்று துரைக்குக் கண் கலங்கிப்போயிற்று. நன்றி மிகுதியில் அந்தக் கருங்கல்லையும் கூடவே கொடுத்தார். அது ஏன் கூட வருகிறது என்று சோலைமலை அப்போது கேட்டிருக்க வேண்டும்.

பெட்ரோலை அப்போது காலன் கணக்கில் விற்றார்கள். அந்த அளவுக்கு எமனுடைய பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அவருக்கு ஆறே மாதத்தில் புரிந்தது. அதைவிட மோசம் கல்யாணங்கள். ஊரில் எந்த வீட்டு மாப்பிள்ளை அழைப்பென்றாலும் பிளசர் வேண்டும். சொந்தக்காரனிடம் வாடகை வாங்க முடியுமா? தட்டில் வெற்றிலை பாக்கும் ஒண்ணேகால் ரூபாயும் வைத்துக் கொடுப்பார்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் தெருத்தெருவாக ஊர்ந்து வந்தால், ஒண்ணேகால் ரூபாயை அது முதல் தெரு முக்கிலேயே குடித்துவிடும். டிரைவர் தவசி சம்பளம் வராமல் நின்றுகொண்ட பிறகு, "நம்ம வண்டிய நாம ஓட்டுனாத்தேன் திருப்தி" என்று ஊரில் சொல்லிவிட்டு அவரே ஸ்டியரிங் பிடித்தார். கீழே இருந்த ஆறு ஏக்கரில் நாலு போயிற்று. போன ஆவணியில் நாலு டயரும் ஒன்றாக வாயைப் பிளந்தபோது அன்னக்கொடியின் கழுத்துச் சங்கிலி போயிற்று. சங்கிலி எங்கே என்று கேட்டவர்களிடம், "காரு கால்ல போட்டுருக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருடைய சிரிப்பு அது. மகள் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரே சொத்து என்று நினைத்து அன்று அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

விற்றுத் தொலைக்கலாம்தான். ஒரு தடவை பார்த்தார். தேனியிலிருந்து ஒரு ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் பஸ் ஏறுவதற்குள் மூன்று தோட்டக்காரர்கள் மண்டிக்கு வந்து, ரொம்பப் பணிவாக, தங்கள் பாக்கியைக் கேட்டார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையைக் கடனாக இறக்கிவிட்டு, விற்றபிறகு பணம் கொடுத்தால் போதும் என்று அவர்கள் போவது வாசலில் நிற்கிற வண்டியை நம்பி. வண்டி இல்லாத சோலைமலை நொடித்துப்போன சோலைமலை. வண்டி இருக்கும் சோலைமலை நொடித்துக்கொண்டிருக்கும் சோலைமலை. இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் தினமும் பிளசரைத் துடைத்தார்.

அவர் கண்டுபிடித்த ஒரே சிக்கனம் இறக்கத்தில் இருந்தது. போடிமெட்டிலிருந்து திரும்பும்போது இன்ஜினை அமர்த்திவிடுவார். பிரேக்கை மட்டும் நம்பி, பதினேழு வளைவையும் ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு அடிவாரத்து முந்தலுக்கு இறங்கிவிடுவார். ஆறு மாதத்துக்கு முன்னால், மேலே ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்கு வந்திருந்த கன்னையனை அப்படித்தான் ஒருநாள் ஏற்றிக்கொண்டு இறங்கினார். மாட்டுவண்டியிலும் பஸ்சிலும் காது கிழிந்த மனிதர் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து வந்தார். அதிலிருந்து தேவாரம் முழுக்க ஒரே பேச்சு. "ஏறுறப்ப எல்லா வண்டியும் மொனங்கும். எறங்குறப்பப் பாக்கணும் அந்தப் பிளசர. தொட்டில்ல படுத்த மாதிரி, ஒரு சத்தம் கெடயாது." இந்தச் சம்பந்தமே அந்தச் சத்தமில்லாத பயணத்தில் முளைத்தது என்று சோலைமலைக்குத் தெரியும்.

தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போடிமெட்டுச் சாயாக்கடையில் உட்கார்ந்தார்கள். கன்னையன் சாயாவுக்குச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பார்க்காதபடி பெஞ்சில் நெருங்கி வந்தார். அவரும் மிளகாய் விற்கிற சம்சாரிதான், சந்தை தெரிந்தவர். தன் துண்டை எடுத்துச் சோலைமலையின் கைமேல் போட்டார். நகை எத்தனை பவுன் என்று கேட்கப்போகிறார், சங்கிலியே இல்லாத வீட்டில் என்ன சொல்வது என்று சோலைமலை விரல்களை மடக்கிக்கொண்டார். ஆனால் கன்னையனின் விரல்கள் துண்டுக்கு அடியில் எந்த விரலையும் பிடிக்கவில்லை. சோலைமலை கைக்குள் வைத்திருந்த கார்ச்சாவியைப் பிடித்தன.

"நகநட்டு ஒண்ணும் வேணாம் சம்மந்தி" என்றார் மெதுவாக. "இது போதும்."

அந்தக் கணத்தில் சோலைமலைக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பிறகு யோசித்தும் அவரால் சொல்ல முடியவில்லை. மகளும் கரையேறுவாள், வண்டியும் ஒழியும். மகளுக்குச் சீராகப் போன வண்டிக்காக எந்தத் தோட்டக்காரனும் பாக்கி கேட்டு வரமாட்டான். நொடித்துப்போனான் என்றும் சொல்லமாட்டான், பெருமையாகச் சொல்வான். ஏழு வருஷமாகத் தேடிய வாசல் இதுவரை யாரும் காட்டாத பக்கத்தில் திறந்திருந்தது. அவர் கையை உருவவில்லை. சாயா வந்தது. கன்னையன் திருப்தியாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயாக்கடைச் சரிவில் உருட்டிக் கிளப்பிய இன்ஜினை, இறக்கம் தொடங்கும் இடத்தில் வழக்கம்போல அமர்த்தினார். வண்டி வாயை மூடிக்கொண்டு உருளத் தொடங்கியது. காற்று மட்டும் கேட்டது, எங்கோ ஒரு சோலைக்குள் கோடாலிச் சத்தம்.

"பாத்தீகளா, இப்பப் பாத்தீகளா" என்றார் கன்னையன் பின்னாலிருந்து, தன் சொந்த வண்டியைப் பற்றிச் சொல்கிற குரலில்.

முதல் சில வளைவுகள் சந்தோஷமாகத்தான் போயின. பிறகு அவர் மனம் தானாகவே தேவாரத்துக்குப் போயிற்று. கன்னையனுக்கு இருப்பது நாலு ஏக்கர் கிணற்றுத் தோட்டம். முதல் வருஷம் இந்த வண்டி மிளகாயைத் தின்னும். இரண்டாம் வருஷம் ஒரு ஏக்கரைத் தின்னும். தேவாரத்திலும் கல்யாணம் நடக்கும், அங்கேயும் தட்டில் ஒண்ணேகால் ரூபாய்தான் வைப்பார்கள். மூன்றாம் வருஷம் அந்த நல்ல மனிதரே அடுப்படிப் பக்கம் பார்த்து, ஒங்கப்பன் குடுத்த காருதான என்பார். அன்னக்கொடி ஏதாவது தமாஷாகச் சொல்வாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இன்று காலை கிளம்பும்போது அவள்தான் ஓடிவந்து சன்னல் வழியாகக் குனிந்து, "கல்லு சீட்டுக்கடியில இருக்குப்பா, மறந்துறாத" என்று காதோடு சொன்னாள். கன்னையனுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அவ்வளவு மெதுவாக. அந்தக் கல்லும் அவளோடுதான் போகும். தேவாரத்துத் தெருவில், கல்யாணச் சேலையோடு, பின் டயருக்குக் கல் வைக்கக் குனிகிற மகளை அவர் அடுத்த வளைவில் பார்த்தார். அதற்கடுத்த வளைவிலும் பார்த்தார்.

சொன்னால் சம்பந்தம் போகும். இந்த மனிதர் கோபத்தில் ஊரில் நாலு பேரிடம் சொன்னால் மண்டியும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது, அன்னக்கொடியைத் தவிர.

முந்தலுக்குச் சற்று மேலே, சாலை சமதளமாகப் படுப்பதற்கு முன்னால், ஒரு புளியமரம் உண்டு. வண்டியைக் கிளப்பும் செல்ப் செத்து இரண்டு வருஷமாகிறது. அந்த மரத்தடியில், உருள்கிற வேகத்திலேயே கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருப்பவருக்கு ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். மரத்தைத் தாண்டிவிட்டால் வண்டி தானாக நிற்கிற வரைக்கும் போய் நிற்கும். அப்புறம் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மரம் தெரிந்தது. அவர் கை கியர்மேல் இருந்தது. மரம் பக்கத்தில் வந்தது. நிழல் அவர் முகத்தில் ஏறி, கன்னையன் முகத்தில் ஏறி, பின் கண்ணாடி வழியாக வெளியே போயிற்று.

வண்டி ஓட்டமாகி, நடையாகி, மூச்சாகி, முந்தலின் முதல் வீட்டுக்கு எதிரே நின்றது.

"என்ன, நின்னுருச்சு?" என்றார் கன்னையன்.

"இப்ப நிக்கல சம்மந்தி" என்றார் சோலைமலை. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை, ஸ்டியரிங்கிடம்தான் சொன்னார். "மேலயே அமத்திட்டேன். போன தடவ நீங்க வந்தப்பவும் அமத்தித்தேன் வச்சிருந்தேன். நீங்க மெச்சுனது வண்டிய இல்ல, எறக்கத்த. பெட்ரோல் போட எனக்கு மாளல."

பின்சீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தொட்டிலில் படுத்த மாதிரி.

"எறங்கித் தள்ளணும்" என்றார் சோலைமலை.

கதவு திறந்தது. கன்னையன் இறங்குவது வண்டியின் ஆட்டத்தில் தெரிந்தது. அவர் நடந்து பின்பக்கம் போனார். சோலைமலை கண்ணாடியைப் பார்த்தார். அந்தச் சின்னக் கண்ணாடியில் முகம் அகப்படவில்லை, தோளும் துண்டும்தான். கன்னையன் தோளிலிருந்து துண்டை எடுத்து ஒரு தடவை உதறினார். மேலே, மூன்றாவது வளைவுப் பக்கமாக, இறங்கி வருகிற பஸ்சின் ஹாரன் கேட்டது. துண்டு காற்றில் விரிந்து கண்ணாடி முழுக்க வெள்ளையாக நின்றது. தலையில் கட்டிக்கொள்ளவா, பஸ்சை நிறுத்தவா என்று தெரியவில்லை.

சோலைமலை சீட்டுக்கு அடியில் குனிந்து கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஒரு விரற்கடை முன்னால் அசைந்தது.