கிழக்கு வாது

...மனுவில் அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதச் சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை படபடப்பு இல்லை, ஓட்டுக் கூரைக்கு ஆபத்து, தெருவுக்கு ஆபத்து என்று அடைக்கலமேரி டீச்சர் எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம், உன் நாக்கு எங்கே அடங்கியது என்று தன்னையே திட்டிக்கொண்டு சொர்ணவல்லி மோரைச் சிலுப்பினாள், எப்போதோ சிலுப்பி முடித்த மோர்தான், கைதான் நிற்கவில்லை. கொல்லைப்புறத்தில் புளியமரத்தடியில் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு ஆண்டியப்பன் அண்ணாந்து நிற்கிறார், கிளார்க்கு டேப்பை இழுத்து அடிமரத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர்வரை அளக்கிறார், பக்கத்து வீட்டு ஜைனுதீன் வேலிக்கு அங்கிட்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இவள் வீட்டுக்காரர் சேவுகன் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எவன் என் மரத்தைத் தொடுகிறான் பார்ப்போம் என்று விறைத்து நிற்கிறார். மொட்டை மனு போட்டது யார் என்று அந்த நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது. போட்டவள் மோர்ப்பானையும் கையுமாக அடுப்படி வாசலில் நிற்கிறாள்.

மனுப் போடவென்று பிறந்தவளா அவள், கையெழுத்துக்கூடத் தெரியாது, தை பிறந்த மறுவாரம் இருளாண்டி தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்லிப்போனதை எல்லோரையும்போல வாசலில் நின்று கேட்டவள்தானே... பட்டா நிலமானாலும் சொந்த மனையானாலும், தெருவுக்கோ கிணற்றுக்கோ அடுத்தவர் கூரைக்கோ ஆபத்தாகச் சாய்ந்து நிற்கும் மரத்தைப் பற்றி மனு வந்தால், ஏழு நாள் நோட்டீசு கொடுத்துப் பஞ்சாயத்து வந்து பார்வையிடும், கிளையையோ மரத்தையோ வெட்டச் சொல்லும், வெட்டாவிட்டால் பஞ்சாயத்தே ஆள் வைத்து வெட்டும். ஊரே சிரித்தது, நம்ம மரத்துக்கு நமக்கே நோட்டீசாடா என்று கீரமங்கலம் சந்தைவரைக்கும் அதே பேச்சு. சேவுகனும் சிரித்தார், வாய்விட்டு, பின்பற்கள் தெரிய. அவளுக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் சொன்னால் கேட்காத மனுஷன், சர்க்கார் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

போன பங்குனியை அவளால் மறக்க முடியுமா, புளி உலுக்கும் நாள், கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும் ஏறுகிற வழியில்தான் ஏறினார், இரண்டு பேர் சேர்ந்து கட்டினாலும் கைக்குள் அடங்காத அடிமரம் அது, ஆள் உயரத்தில் கிணற்றைப் பார்த்து நீளும் அந்தக் கிழக்கு வாது, அந்த ஒரு கிளைதான் அதற்குப் படி, அதில் தொங்கிக் காலைப் போட்டு எழும்பினால் அப்புறம் உச்சிவரை அணில்தான், ஏணி வைத்து ஏறுவதெல்லாம் அவருக்குக் கேவலம். கொப்பை மிதித்து உலுக்குகிற சத்தமும் காய் உதிர்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கொப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கன்னத்தைப் பட்டையில் அழுத்திக்கொண்டு இருக்கிறார், அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற மனுஷன், தாயின் இடுப்பை விடாத பிள்ளை மாதிரி. கத்தலாமா, கத்தினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவாரோ, வாளி பாதிக் கிணற்றில் தொங்குகிறது, கயிற்றை இழுக்கவும் இல்லை விடவும் இல்லை, ஓர் உலை கொதிக்கிற நேரம் அப்படியே நின்றாள். இறங்கி வந்து என்ன சொன்னார்? "முசுறு எறும்பு கடிச்சிருச்சு புள்ள." அவள் என்ன சொன்னாள்? "ஆமாங்க, இந்த வருசம் முசுறு சாஸ்தி." அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

உலுக்க ஆள் வைக்கலாமே என்று ஐப்பசியில் ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "நான் இருக்கையில என் மரத்துல இன்னொருத்தன் காலு படுறதா?" என்றவர் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை, வீம்பு, அந்த வீம்பைக் கட்டிக்கொண்டுதானே முப்பத்தைந்து வருஷம் ஓட்டினாள்... ராத்திரியில் அவள் கால்மேல் வந்து படும் அந்த வெடித்த குதிகால், சொரசொரவென்று, ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, இப்போது அது படாவிட்டால் தூக்கம் வருவதில்லை. அந்தக் குதிகால் அடுத்த பங்குனிக்கும் வேண்டும், அதற்கடுத்த பங்குனிக்கும் வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான், இதைச் சட்டத்தில் எந்த இடத்தில் சேர்ப்பது? டீச்சர் பேனாவைத் திறக்கும்போதே சொன்னாள், "அக்கா, மரம் ஆளுமேல விழுறதுக்குத்தான் சட்டம், மரத்துலேருந்து ஆளு விழுறதுக்கு இல்லை." "இருக்கட்டும் டீச்சர், அதையும் ஒரு வரி போட்டுருங்க, படிக்கிறவக மனசு எளகும்ல?" என்று அடம்பிடித்தது அவள்தானே.

பழி ஜைனுதீன்மேல் விழும் என்று யோசித்தாளா? கூரைக்கு ஆபத்து என்றால் அது யார் கூரை, இந்த மரத்தை ஒட்டி இருப்பது அந்த ஓர் ஓட்டு வீடுதானே, மண்டு, மண்டு. நோட்டீசு வந்த அன்றைக்கே சேவுகன் வேலியோரம் போய் நின்று, "மொகத்துக்கு நேரா கேக்க மாட்டியா, மொட்டைக் கடுதாசி போடுற அளவுக்கு வந்துட்டியாய்யா?" என்று கத்தினார். மச்சான் மச்சான் என்று அழைத்த வாய், அவர் வீட்டுப் பெருநாளுக்கு இவர்தான் பந்தல் போடுவார், இங்கே பொங்கல் பானை இறங்கினால் முதல் தூக்கு அங்கேதான் போகும். ஜைனுதீன் திரும்பி உள்ளே போய்விட்டார், திருப்பித் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். இந்த ஏழு நாளும் வேலிப்பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை.

இதோ கிளார்க்கு மனுவைப் பிரித்துவிட்டார், வாசிக்கிறார், அவள் பானையைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள்... "மேற்படி மரத்தால் ஓட்டுக் கூரைக்கும் தெருவுக்கும் ஆபத்து நேருமென்பதோடு, அதில் ஏறுகிறவருக்கு உச்சியில் கண் இருட்டி வந்து விழ நேர்ந்தால் அவரை நம்பியிருக்கும் உயிரின் கதி என்ன என்பதையும் சமூகம் கருத்தில் கொள்ளவேண்டியது. இப்படிக்கு, ஊர் நன்மை நாடுபவர்." கிளார்க்குக்குச் சிரிப்பு. "கடைசி வரி சட்டத்துல வராதுங்க." பிரசிடெண்டு வேலிப்பக்கம் திரும்பி, "ஒங்களுக்குச் சங்கடம் உண்டுமா, சொல்லுங்க," என்றார். "எனக்கு என்னங்க சங்கடம், அந்த நெழல்லதான் என் வீடே கெடக்கு, மனு நான் போடலை," என்றார் ஜைனுதீன், குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "அப்ப தள்ளிரலாம்," என்று பிரசிடெண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். தள்ளிவிட்டால்... பங்குனிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, மறுபடியும் ஏறுவார், மறுபடியும் அவள் பாதி வாளியோடு நிற்கவேண்டும், ஐயோ சாமி.

சேவுகன் சந்தோஷத்தில் குதிக்கக் காணோமே, தோற்றது மனு, ஜெயித்தது இவர் அல்லவா? இடுப்பிலிருந்து கை இறங்கிவிட்டது. கண் இருட்டியது என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, முசுறு என்றுதான் சொன்னார். அவர் அவளைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், அதில் தொங்கும் கயிற்றைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "தள்ள வேணாங்க. கெழக்கு வாதை வெட்டிரலாம், எழுதிக்கங்க." கிளார்க்கு விழித்தார். "அது தெருப்பக்கமும் இல்லை, அவுக கூரைப்பக்கமும் இல்லையே, ஒங்க கெணத்தைப் பாத்துல்ல போகுது?" "கெணத்துக்கு ஆபத்துன்னா சட்டத்துல வருமா, வராதா?" "வருங்க." "கெணத்தடியில ஆளு நிக்கும்யா. எழுதுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை." கைநாட்டு வைத்துவிட்டு மசியைப் புளியம்பட்டையிலேயே துடைத்தார். பிறகு வேலியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், தப்பு என்மேலதான். இங்கிட்டு வாங்க, மோரு குடிங்க," என்றார். ஜைனுதீன் உடனே வந்துவிடவில்லை, வேலிமுள்ளில் மாட்டியிருந்த ஒரு சருகை எடுத்துக் கீழே போட்டார், அப்புறம் வந்தார்.

எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியாகச் சேவுகனிடம் செம்பை நீட்டினாள். அண்ணாந்து குடித்தார், மீசையைத் துடைத்தார், "உப்புப் பத்தலை," என்றார், பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்த வருசம் ஆளு வச்சு உலுக்கிக்கலாம். மொதக் கூடை டீச்சரம்மா வீட்டுக்குப் போகட்டும்," என்றார். அவளுக்கு முகம் எரிந்தது, அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முந்துகிறது என்று தெரியவில்லை. டீச்சரை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதா பெரிது... அன்றைக்கு உச்சியில் கண்ணைத் திறந்தாரே, திறந்ததும் முதலில் எதைப் பார்த்திருப்பார், நேர்கீழே கிணறு, கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிற இவள். அப்படியானால் அவள் பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறாரா, அந்த முசுறுக் கதை தன் கௌரவத்துக்காகச் சொன்னதில்லையா, இவள் பயந்துவிடக்கூடாது என்று சொன்னதா, ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்துவைத்திருந்தார்களா? கேட்டால் சொல்லமாட்டார். காலிச் செம்பை அவர் நீட்டிக்கொண்டே இருந்தார், அவள் வாங்க மறந்து நின்றாள்.