பேருந்தை விட்டு இறங்காதவன்

வெர்னெலிடம் மாட்டிக்கொண்டால் யாரும் தப்ப முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலை மறித்து நின்றுகொள்வாள். "நம்ம தாத்தனெல்லாம் அடிபட்டு வாங்கிக் கொடுத்த ஓட்டு. அதப் போட வர்றதுக்கு உனக்கு முட்டி வலிக்குதோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்குவாள். ஜார்ஜியாவின் அந்தச் சிற்றூரில் கறுப்பு சனங்களைத் தேவாலயப் பேருந்தில் ஏற்றி வாக்குச்சாவடியில் இறக்குவது அவள் பொறுப்பு. பதினொரு வருஷமாகப் பேருந்தை ஓட்டுபவன் ஓடெல்.

எல்லாரும் இறங்குவார்கள், அவன் மட்டும் இறங்க மாட்டான். இளவயதில் ஜெயிலுக்குப் போனவன். முதல் வருஷம் தயங்கித் தயங்கி அவன் கேட்டபோது, "ஜெயிலுக்குப் போனவனுக்கு ஏதுப்பா ஓட்டு?" என்று தன் பட்டியலில் அவன் பெயரை அடித்தவள் வெர்னெல்தான். யாரையும் விசாரிக்கவில்லை. அந்த ஊரே அப்படித்தான் நம்பியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, தொண்டர் பயிற்சியில் ஒரு பெண் சொன்னாள்: தண்டனைக் காலம் முழுக்க முடிந்திருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயரைத் திரும்பச் சேர்க்கலாம், திங்கள்தான் கடைசி நாள். வெர்னெல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஓடெலின் தண்டனை முடிந்து பன்னிரண்டு வருஷமாகிறது! மறுநாள் தேவாலயத்தில் அவன் எதிரிலேயே நின்றான். சொல்லியிருக்கலாம். ஆனால் சபையே சிரிக்குமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். திங்கள் போயே போய்விட்டது. ஊரையெல்லாம் வெட்கப்பட வைத்தவள், தன் வெட்கத்துக்குப் பயந்து ஒருவனுடைய ஓட்டைத் தின்றுவிட்டாள். சீ, என்ன பிறவி!

இன்று ஓட்டுப் போட்டுவிட்டு முதல் ஆளாகப் பேருந்துக்குத் திரும்பினாள். ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஸ்டிக்கர்கள் ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாம் அடுத்தவர்களுடையவை. ஓடெல் வழக்கம்போலக் கையை நீட்டினான்.

"குடுங்க சிஸ்டர், ஒட்டிடலாம்."

அவளால் கொடுக்க முடியவில்லை. "ஓடெல், உனக்கு ஓட்டு இருக்குப்பா. இத்தன வருஷமா இருந்திருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. பாவி, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "அப்ப இன்னிக்கே போடலாமா?"

"முடியாது. பேரு சேக்குற நாளு முடிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "முடியறதுக்கு முன்னாடியே," என்றாள். "சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஓடெல் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். வெளியே சனங்கள் சிரித்துப் பேசியபடி பேருந்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவன் அவளைப் பார்க்காமலே கதவைத் திறந்தான்.

"அடுத்த தேர்தலுக்கு வண்டிய நீங்க ஓட்டுங்க, சிஸ்டர். நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் இந்த சீட்டுல உக்காந்து பாருங்க."

ஸ்டிக்கரைக் கைக்குள் கசக்கிக்கொண்டு வெர்னெல் கடைசி இருக்கைக்குப் போனாள்.