சூரத்துக்குப் போன பெட்டி

மதிவதனிக்கு சூரத்தில் வேலை என்றதும், சிங்காநல்லூரில் அவள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோரும் அவளைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். தனியாகப் போகிறாள், பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்காது என்று. அவளுக்கு இருந்த ஒரே கவலை கம்ப்யூட்டர்.

எம்பிராய்டரி மெஷின்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அதற்கான சாஃப்ட்வேர் பழையது. அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் திறக்கும், வேறு எதிலும் ஏற்ற முடியாது. அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை. சூரத்து முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார்: சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கண்ணெதிரே ஒரு டிசைன் போட்டுக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை, இல்லையென்றால் அடுத்த ரயிலில் ஊர்.

பார்சலில் போட்டுவிடலாமா என்று தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தனபாலிடம் கேட்டாள்.

"போடலாமுங்க. ஆனா தூக்கி வீசறவனுக்கு உள்ளார என்ன இருக்குதுன்னு தெரியுமுங்களா? கூடவே கொண்டு போங்க. கைக்கொழந்தைன்னு நெனச்சுக்கங்க."

"கைக்கொழந்தை பன்னெண்டு கிலோ இருக்குமுங்களா?"

"எங்கக்கா பையன் இருக்கறானுங்க."

சிரித்துக்கொண்டே வந்து, வேலையைக் கவனமாகத்தான் செய்துகொடுத்தான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி அவள் கைப்பையில் வைத்தான். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டான். ஒயர் எது எங்கே மாட்டியிருந்தது என்று போனில் போட்டோ எடுக்கச் சொன்னான். மானிட்டர் இரண்டு தலையணைக்கு நடுவில் போய்விட்டது. கடைசியாக, பெட்டிக்குள் போர்டின்மேல் உட்கார்ந்திருந்த பெரிய ஃபேனைத் தொட்டுக் காட்டினான்.

"இதுதானுங்க வில்லங்கம். ரயில் ஆடற ஆட்டத்துல இது ஆடுச்சுன்னா போர்டையே பேத்துபோடும். சுத்தியும் பபுள் ஷீட்டைத் திணிச்சு, பெட்டியைப் படுக்கப்போட்டுக் கொண்டு போங்க. நிமுத்தி வெக்காதீங்க."

அவன் போனபிறகு ஷீட்டைத் திணித்துவிட்டு, டேப் வாங்கக் கடைக்குப் போனாள் மதிவதனி. வழியனுப்ப கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மா பூவாத்தாள் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது, மேலே பபுள் ஷீட் வைத்தபடியே தெரிந்தது. மூடியைப் போட்டு நான்கு திருகையும் முறுக்கி, அட்டைப்பெட்டியில் இறக்கி ஒட்டினாள்.

புதன்கிழமை ரயில். பெட்டி கீழ் சீட்டுக்கு அடியில் கச்சிதமாகப் போனது. எதிர் சீட்டில் கோட்டைமேட்டுத் தாஜுன்னிசாவும் அவள் வீட்டுக்காரரும், சேலை எடுக்க சூரத்துக்கே போகிறவர்கள். யாராவது சூட்கேஸை உள்ளே தள்ளினால் மதிவதனி குனிந்து பார்ப்பாள். கழிவறைக்குப் போனாலும் தாஜுன்னிசாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இரண்டாம் நாள் காலையில் தாஜுன்னிசா கூப்பிட்டாள். "ஏனுங்கம்மணி, உங்க டிவிக்குள்ள எறும்பு போகுதுங்க."

டிவி இல்லை என்று நேற்றே மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. மதிவதனி குனிந்தாள். சன்னலோரத்திலிருந்து ஒரு வரிசை இறங்கி, சீட்டின் காலைச் சுற்றி, அட்டையின் ஓரத்தில் டேப் விட்டுப்போன இடத்தில் நுழைந்துகொண்டிருந்தது. திரும்பி வருகிற எறும்புகளின் வாயில் பழுப்பாக ஏதோ இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்தாள்.

"ஏம்மா, பொட்டிக்குள்ளார என்ன வெச்சே?"

"எந்தப் பொட்டி?"

"அம்மா!"

"சும்மா காலியாத்தான கண்ணு கெடந்துச்சு. ரெண்டு கிலோ நாட்டுச்சர்க்கரை. அந்தூர்ல ஊடு குடுக்கறவங்களுக்கு. பொம்பளப்புள்ள வெறுங்கையை வீசிட்டா போய் நிப்ப?"

"வேண்டாம், பை கனக்குதுன்னு நான் சொன்னனா இல்லியா?"

"பையிலதான வேண்டாம்னே. பையில நான் வெக்கலியே."

மதிவதனி போனை வைத்துவிட்டாள். பூவாத்தாள் வேலை செய்வது கரும்பாலையில். ஆலையில் இருந்து யார் எங்கே கிளம்பினாலும் ஒரு பொட்டலம் கூடப் போகும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பெட்டியை இழுத்து, சீட்டுக்கு நடுவில் வைத்து, அட்டையைப் பிரித்துத் திருகைக் கழற்றினாள். பபுள் ஷீட்டுக்கு அடியில், ஃபேனை அணைத்துக்கொண்டு மஞ்சப்பை. முடிச்சு தளர்ந்திருந்தது. போர்டெல்லாம் ஈரச் சர்க்கரை. அதன்மேல் எறும்பு.

"தட்டி உடட்டுங்களா?" என்றாள் தாஜுன்னிசா.

"தொட்டுபோடாதீங்க. நசுங்குனா அங்கயே ஒட்டிக்கும்."

தாஜுன்னிசா யோசித்தாள். மஞ்சப்பையை மெல்லத் தூக்கி வெளியே எடுத்து, ஒரு பிடி சர்க்கரையைப் பேப்பரில் கொட்டி, பெட்டியின் வாயருகே வைத்தாள். பிறகு வீட்டுக்காரரின் பையைக் குடைந்து அவருடைய ஷேவிங் பிரஷ்ஷை எடுத்தாள்.

"அது என்னுதுடி," என்றார் அவர்.

"உங்க தாடி ரெண்டு நாள் பொறுக்கும். அந்தப்புள்ளைக்குச் சனிக்கெழம பரீட்சை."

மதிவதனி மண்டிபோட்டு, பிரஷ்ஷால் மணல்மணலாகக் கூட்டினாள். எறும்புகள் மெதுவாகப் பேப்பருக்கு இடம் மாறின. புனே வருவதற்குள் மூன்று பேப்பர் மாற்றியாகிவிட்டது. பையை எடுத்த இடத்தில் தன் துப்பட்டாவை வைத்து ஃபேனை இறுக்கி மூடினாள். சூரத்தில் இறங்கும்போது பிரஷ்ஷை நீட்டினாள்.

"வெச்சுக்கங்க அம்மணி. எறும்பு ஓட்டுன பிரஷ்ஷு, இனி மூஞ்சில போடுவாரா?"

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே கம்பெனியில் உட்கார்ந்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினாள். பத்துக்கு முதலாளி வந்து பின்னால் நின்றார். சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. மூன்று பீப் சத்தம். திரை கறுப்பு.

அணைத்தாள். திறந்தாள். பீப் கேட்டால் ரேம் மெமரியைப் பார் என்று தனபால் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பிடுங்கிப் பார்த்தாள். பள்ளத்தில் ஒரு எறும்பு, செத்து, சர்க்கரையோடு. கைப்பையிலிருந்து ஷேவிங் பிரஷ்ஷை எடுத்தாள். முதலாளி பிரஷ்ஷையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஹிந்தியில் அதைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. "எறும்பு" என்று தமிழிலேயே சொன்னாள்.

இரண்டாம் தடவை திரை வெளிச்சமானது. பதினோரு மணிக்கு மெஷின் அவள் டிசைனைத் தைக்க ஆரம்பித்தது. முதலாளி துணியைத் திருப்பி, பின்பக்கத்து நூலைத் தடவிப் பார்த்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஊட்டுக்காரம்மாளுக்குச் சர்க்கரை குடுத்தயா?"

"மிச்சம் இருந்ததைக் குடுத்தேன். கம்ப்யூட்டர் ஓடுச்சா இல்லையான்னு கேக்க மாட்டயா நீ?"

"ஓடலைன்னா நீ இத்தன நேரம் பேசாம இருப்பியா கண்ணு? காலையிலயே என்னையத் தின்னிருப்ப." பிறகு பூவாத்தாள் கேட்டாள்: "நல்லாருக்குதுன்னு சொன்னாங்களா?"

"எதை?"

"சர்க்கரைய."